ட்ரன்னியன் மேல் விழுந்த பழி

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி எழுதுகிறவர்களும் அவற்றை வாங்கி விற்கிறவர்களும் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கு வரும்போது ஓர் எச்சரிக்கையைத் தவறாமல் சொல்கிறார்கள். முன்சக்கரங்களைக் கீழே தாங்கி நிற்கும் ட்ரன்னியன் ஆபத்தானது. அந்த இடம் உடைந்தால் சக்கரம் மடங்கிக் கார் சாலையில் உட்கார்ந்துவிடும். பிறவியிலேயே கோளாறான அமைப்பு அது. எச்சரிக்கையோடு இரண்டு அறிவுரைகளும் சேர்ந்தே வரும். முன்பக்க சஸ்பென்ஷனை வீட்டில் பிரிக்காதே, தெரிந்த பட்டறையில் கொடு. முடிந்தால் ட்ரன்னியனையே எடுத்துவிட்டு பால் ஜாயின்ட் கிட் ஒன்றை மாட்டு.

இதைக் கேட்டுக் கேட்டு, நல்ல நிலையில் கார் வைத்திருப்பவர்கள்கூட முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கவே அஞ்சுகிறார்கள். அஞ்சுவதால் பார்ப்பதில்லை. பார்க்காததால் உள்ளே மரை துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த மரை ஒருநாள் உடைகிறது. உடைந்ததும் அதையே சான்றாகக் காட்டி எச்சரிக்கை இன்னும் உரக்க ஒலிக்கிறது. தான் எச்சரிக்கும் விபத்தைத் தானே வளர்க்கும் எச்சரிக்கை இது என்பதுதான் என் வாதம். பாகத்தின் மேல் பழி போடுவது தவறு. வீட்டில் கை வைக்காதே என்பது அதைவிடப் பெரிய தவறு.

முதலில் பாகத்தைப் பார்ப்போம். 1962 அக்டோபரில் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் ஸ்பிட்ஃபயர் அறிமுகமானது. உடலை வரைந்தவர் இத்தாலியர் ஜியோவானி மிகலோட்டி. கவென்ட்ரி நகரின் கேன்லி தொழிற்சாலையில் 1980 வரை 3 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் உருவாயின. அழகான அந்த உடலுக்குக் கீழே இருந்தவை பெரும்பாலும் 1959-இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டு என்ற குடும்பக் காரின் எலும்புகள். முன்பக்க சஸ்பென்ஷன் அந்த ஹெரால்டுடையதே. நமக்கும் அது அந்நியமானதல்ல. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் சென்னையில் கட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டின் முன்சக்கரங்களும் இதே ட்ரன்னியனில்தான் நின்றன. மவுண்ட் ரோட்டில் ஓடிய அந்தக் கார்களை ஓட்டியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அமைப்பு எளிமையானது. சக்கரத்தின் அச்சு ஓர் எஃகுத் தூணில் பொருத்தப்பட்டிருக்கிறது. தூணின் தலையில் பால் ஜாயின்ட். அது மேல் ஆர்மோடு இணைகிறது. தூணின் அடிப்பகுதியில் மரை வெட்டியிருக்கிறார்கள். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டிக்குள் திருகி இறங்குகிறது. அந்தக் கட்டிதான் ட்ரன்னியன். அது கீழ் ஆர்மின் நுனியில் ஒரு போல்ட்டைச் சுற்றி, நைலான் புஷ்களின் மேல் ஆடுகிறது. சக்கரம் பள்ளம் மேட்டில் ஏறி இறங்கும்போது கட்டி போல்ட்டைச் சுற்றி அசையும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது எஃகு மரை வெண்கல மரைக்குள் சுழலும். இரண்டு அசைவுக்கும் தனித்தனி இடம் கொடுத்து, தேய வேண்டியது எது, தேயக் கூடாதது எது என்று பிரித்து வைத்த அமைப்பு. வெண்கலம் தேயும், மாற்றலாம், எஃகு நிற்கும்.

இந்த ஏற்பாடு எத்தனை நன்றாக வேலை செய்தது என்பதற்கு ஹெரால்டின் திருப்பு வட்டமே சாட்சி. 25 அடிக்குள், அதாவது சுமார் 7.6 மீட்டருக்குள், அந்தக் கார் ஒரு முழுச் சுற்று வரும். இன்னொரு சாட்சி லோட்டஸ். எடையில் ஒவ்வோர் அவுன்ஸையும் கணக்குப் பார்த்த காலின் சாப்மன், 1962-இல் வெளிவந்த எலான் காரின் முன்சக்கரங்களுக்குத் தேர்ந்தெடுத்தது ட்ரையம்பின் இதே எஃகுத் தூணையும் ட்ரன்னியனையும்தான். எலானின் ஸ்டீயரிங் இன்றுவரை மற்றக் கார்களை அளக்கும் அளவுகோலாகப் பேசப்படுகிறது. மெக்லாரன் எஃப்1 காரை வடித்த கார்டன் மர்ரி எலானை வெளிப்படையாகப் போற்றுகிறவர். ட்ரன்னியன் பிறவிக் கோளாறு என்பவர்கள் எலானின் ஸ்டீயரிங்கைப் புகழும்போது, அந்தப் புகழின் அடியில் இருப்பது எந்தப் பாகம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் ஏன் உடைகிறது? உடைவது உண்மைதான், மறைப்பதற்கில்லை. ஆனால் எது உடைகிறது, எங்கே உடைகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் வெண்கலக் கட்டி உடைவதில்லை. அதற்குள் இருக்கும் எஃகு மரை அதன் மேல்விளிம்பை ஒட்டி அறுந்துபோகிறது. துருப்பிடித்துக் குழி விழுந்த இடத்தில் விரிசல் தொடங்கும். ஒவ்வொரு பள்ளத்திலும், ஒவ்வொரு பிரேக்கிலும் அது மயிரிழை மயிரிழையாக வளரும். கூடவே மரை வறண்டு இறுகியிருந்தால், நிற்கும் காரில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது தூண் சுழல மறுத்து முறுக்கப்படும். இந்த உடைவுகள் பல, கார் நிறுத்துமிடத்தில், நடக்கும் வேகத்தில் நேர்வதற்கு இதுவே காரணம். காரின் அந்த மூலையின் சுமை முழுவதும் ஸ்பிரிங்கிலிருந்து கீழ் ஆர்ம் வழியாக, ட்ரன்னியன் வழியாக, அந்த மரையின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. எனவே அது போனால் கார் உட்கார்ந்துவிடும். எச்சரிப்பவர்கள் இதுவரை சொல்வது சரி.

துரு எப்படி வந்தது என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. ட்ரையம்ப் கொடுத்த கையேட்டில் இந்த இடத்துக்கு ஓர் எண்ணெய் குறிக்கப்பட்டிருக்கிறது. கிரீஸ் என்று எழுதவில்லை. கியர் பெட்டிக்கு விடும் கெட்டியான 90 எண் எண்ணெய், அதுவும் 6,000 மைலுக்கு ஒருமுறை. ட்ரன்னியனின் அடைப்பைக் கழற்றி, அங்கே ஒரு நிப்பிளைத் திருகி, எண்ணெய் நிரப்பிய கன்னால் அடிக்க வேண்டும். மேலே மரையும் கட்டியும் சேரும் இடத்தில் புது எண்ணெய் கசியும்வரை அடிக்க வேண்டும். பிறகு நிப்பிளை எடுத்துவிட்டு அடைப்பைத் திரும்பப் போட வேண்டும். கட்டியின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும். ஸ்டீயரிங் திரும்பும் ஒவ்வொரு முறையும் மரை அதில் நனைந்து மேலேறும்.

கிரீஸுக்கு இந்த இடத்தில் வேலையில்லை. மரைக்கும் மரைக்கும் இடையிலுள்ள இடுக்கு மிகக் குறுகியது. கெட்டிக் கிரீஸ் அதில் முழுதாகப் பரவாது. பரவிய இடத்திலும் நாளடைவில் எண்ணெய்ப் பசை போய் வெறும் சோப்புக் கட்டியாக இறுகிவிடும். மேலே இருக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் அந்த இறுகிய கிரீஸுக்கு மேல் தேங்கும். விரிசல் தொடங்கும் விளிம்பும் அதே இடம்தான். தையல் மெஷினின் எண்ணெய்த் துளையில் யாரும் கிரீஸைத் திணிப்பதில்லை. திணித்துவிட்டு மெஷின் இறுகிவிட்டது என்று கம்பெனியைக் குறை சொல்வதும் இல்லை.

ஆனால் ட்ரன்னியனில் கிரீஸ்தான் அடிக்கப்பட்டது, ஆண்டாண்டு காலமாக. அதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அந்தக் காலத்து பிரிட்டிஷ் பட்டறையில் நாள் முழுக்க வந்துபோன கார் மோரிஸ் மைனர். 16 லட்சத்துக்கும் அதிகமாக விற்ற கார் அது. அதன் முன்சக்கரங்களும் மரை வைத்த ட்ரன்னியன்களில் நின்றவைதான். அங்கே கிரீஸ் அடிக்க வேண்டும், அதுவும் அடிக்கடி. எம்ஜி காரின் கிங்பின்னுக்கும் கிரீஸ்தான். கிரீஸ் கன்னைக் கையில் எடுத்தவர் காருக்கடியில் நிப்பிள் எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கெல்லாம் இரண்டு அடி அடித்துவிட்டு நகர்வார். ட்ரையம்புக்கு மட்டும் தனியே எண்ணெய் கன் வைத்திருக்கும் பொறுமை எத்தனை பட்டறைக்கு இருந்திருக்கும்? நம் ஊரில் காரை மேடையில் ஏற்றி, கீழிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, ஈரம் காயும் முன்பே எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடிக்கிற வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். இந்தப் பாகத்துக்கு அதைவிடக் கேடான கவனிப்பு இருக்க முடியாது. தண்ணீரை உள்ளே செலுத்தி மேலே மூடி போட்ட மாதிரி ஆகிவிடும்.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு நியாயமான கேள்வியை எழுப்பும். நல்ல வடிவமைப்பு அலட்சியத்தையும் தாங்க வேண்டாமா? தவறான எண்ணெய்க்கு உயிரையே விலையாகக் கேட்கும் பாகத்தை எப்படி நல்ல பாகம் என்பது? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். உறை மூடிய இன்றைய பால் ஜாயின்ட், கவனிப்பார் இல்லாமல் கிடந்தாலும் ட்ரன்னியனைவிட அதிக காலம் தாங்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1959-இல் விற்ற எந்தக் காரும் எண்ணெய் அட்டவணை இல்லாமல் விற்கப்படவில்லை. சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கீழே படுத்து எண்ணெய் விடுவது கார் வைத்திருப்பதன் சாதாரணப் பகுதி. என்ஜினில் எண்ணெய் மாற்றாமல் ஓட்டிப் பேரிங் போனால் யாரும் என்ஜினின் வடிவத்தைக் குறை சொல்வதில்லை. மேலும், இன்று உடைந்து செய்தியாகும் ட்ரன்னியன்களின் வயதைப் பாருங்கள். ஐந்து, ஆறு கைகள் மாறி, பத்தாண்டுக் கணக்கில் வறண்டு கிடந்து, அதற்குப் பிறகும் ஓடிய பாகங்கள் அவை. இத்தனை அலட்சியத்தைத் தாங்கிய ஒன்றை அலட்சியம் தாங்காதது என்பது சரியல்ல. பால் ஜாயின்ட்டும் உறை கிழிந்து மண் புகுந்தால் ஒருநாள் கழன்றுகொள்ளும். அப்போதும் சக்கரம் இதே போலத்தான் மடங்கும்.

ஸ்பிட்ஃபயரின் கெட்ட பெயரில் இன்னொரு கலப்படமும் இருக்கிறது. அதன் பின்சக்கர சஸ்பென்ஷனில் உண்மையாகவே குறை இருந்தது. ஊசலாடும் அச்சு, வளைவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் உள்ளே மடிந்து கார் சுழன்றுவிடும். ரால்ஃப் நேடர் 1965-இல் ஷெவர்லே கார்வேரைக் கடுமையாகச் சாடிய புத்தகத்தில் சுட்டிய குறையும் இதே இனம்தான். ட்ரையம்ப் 1970-இல் வந்த மார்க் 4 மாடலில் பின்ஸ்பிரிங்கை மாற்றி அதைப் பெருமளவு சரிசெய்தது. ஆனால் காதுவழிச் செய்திக்கு முன், பின் தெரியாது. பின்பக்கத்தின் பழி முன்பக்கத்தின் மேலும் படிந்துவிட்டது.

சரி, பாகம் குற்றவாளி அல்ல என்றே வைத்துக்கொள்வோம். அதை வீட்டில் பிரிப்பது ஆபத்தில்லையா என்பார்கள். அழுத்தி வைத்த ஸ்பிரிங் தெறித்துக் கை போனவர், முகம் போனவர் உண்டு என்பார்கள். பல கார்களில் இது உண்மை. சில கார்களில் கீழ் ஆர்மை இறக்கும்போதே ஸ்பிரிங்கின் முழு விசையும் விடுபடும். தெரியாதவர் தொடக் கூடாது. ஸ்பிட்ஃபயர் அப்படிப்பட்ட கார் அல்ல. அதன் ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரைச் சுற்றியே அமர்ந்திருக்கிறது. மேலே மூன்று நட்டு, கீழே ஒரு போல்ட்டு. அவ்வளவையும் கழற்றினால் இரண்டும் ஒரே துண்டாகக் கையில் வந்துவிடும். ஸ்பிரிங்கின் விசையை ஷாக் அப்சார்பரே பிடித்து வைத்திருக்கும். ட்ரன்னியனையும் புஷ்களையும் மாற்ற அந்தத் துண்டைப் பிரிக்கவே வேண்டாம். ஸ்பிரிங்கையோ ஷாக் அப்சார்பரையோ மாற்றுவதாக இருந்தால் மட்டும், அந்த ஒரு வேலையை முறையான ஸ்பிரிங் கம்ப்ரஸர் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். தயங்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. ஸ்பிட்ஃபயரின் முன்மூடி, மட்கார்டுகள், விளக்குகள் எல்லாம் ஒரே உடலாக முன்னோக்கிக் கவிழும். திறந்துவிட்டால் முன்பக்க சஸ்பென்ஷன் முழுவதும் கண்ணெதிரே நிற்கும். பழுதுபார்ப்பவர் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு மேல் நட்டுகளைக் கழற்றலாம். உடலிலிருந்து பிரிந்த தனிச் சேசிஸ். ஸ்டாண்டை எங்கே வைப்பது என்ற குழப்பமே இல்லை. வீட்டுக் கொட்டகையில் வேலை செய்ய இதைவிட இணக்கமான முன்பக்கம் கொண்ட ஸ்போர்ட்ஸ் காரை நான் பார்த்ததில்லை.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் நுழையக் கூடாது. சேசிஸுக்கடியில் இரும்பு ஸ்டாண்டுகளை வைத்து, காரை இறக்கி, இரு கையாலும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். இந்த விதிக்கு வீட்டில் மட்டுமல்ல, எங்குமே விலக்கில்லை.

வேலையில் கடினமான இடம் எது என்று கேட்டால், அது ஸ்பிரிங்கே அல்ல. ட்ரன்னியனைக் கீழ் ஆர்மோடு பிணைக்கும் அந்த ஒற்றைப் போல்ட்டு. நைலான் புஷ்களுக்குள் ஓர் எஃகுக் குழாய், அதற்குள் எஃகுப் போல்ட்டு. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து துரு ஏறி அவை ஒன்றாகிவிடும். நட்டைக் கழற்றிவிட்டுப் போல்ட்டைத் திருகினால் குழாயும் சேர்ந்து சுழலும். சுத்தியலால் அடித்தால் வெளியே வராது, ஆர்ம்தான் வளையும். இங்கேதான் வீட்டுக்கும் பட்டறைக்கும் உள்ள வேறுபாடு தெரியும். பட்டறையில் மணிக்கணக்குக்குக் கூலி. அடுத்த கார் வாசலில் நிற்கிறது. வீட்டில் இருப்பவர் முதல்நாள் மாலை துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துவிட்டு உள்ளே போகலாம், மறுநாளும் தெளிக்கலாம். அப்போதும் வராவிட்டால் ட்ரன்னியனுக்கும் ஆர்முக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஆக்சா பிளேடை நுழைத்து, இருபுறமும் அறுத்து எடுக்கலாம். கை வலிக்கும், ஆர்ம் வளையாது. போல்ட்டு, குழாய், புஷ், வாஷர் எல்லாமே விலை குறைந்த, எளிதில் கிடைக்கும் பொருள்கள். புதுப் போல்ட்டைப் போடும்போது செம்புத்தூள் கலந்த பசையைத் தடவிவிட்டால் அடுத்த முறை ஸ்பேனருக்கே கழன்று வரும்.

தூணைக் கட்டியிலிருந்து திருகி எடுத்தபின் நிதானமாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மரையை டீசலில் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். குழி இருக்கிறதா? மரையின் முனை கத்தியாகக் கூர்ந்திருக்கிறதா? மேல்விளிம்பில் மயிரிழைக் கோடு தெரிகிறதா? கண்ணை மட்டும் நம்ப வேண்டியதில்லை. சிவப்புச் சாயத்தைத் தெளித்துத் துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்து விரிசலைக் காட்டவைக்கும் ஸ்பிரே டப்பாக்கள் கடையில் கிடைக்கின்றன. சந்தேகம் இருந்தால் காந்தச் சோதனை செய்யும் எந்திரக் கூடத்தில் கொடுக்கலாம். குழி விழுந்த தூணைத் தேய்த்து, வெல்டிங் வைத்துச் சரிசெய்யப் பார்ப்பது குற்றம். அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்க வேண்டும். புதிய ட்ரன்னியனையும் கடையில் வாங்கியதே போதும் என்று மாட்டிவிடக் கூடாது. இன்று விற்கும் மறுதயாரிப்புப் பாகங்கள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. தூணை அதற்குள் திருகினால் வழவழவென்று இறங்க வேண்டும், பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இந்தப் பரிசோதனையை வேறு யார் செய்வார்கள்? சாலைத் தகுதிச் சோதனையில் சக்கரத்தைத் தூக்கி, கம்பியால் நெம்பிப் பார்த்து, ஆட்டம் இருக்கிறதா என்று அறிவார்கள். ட்ரன்னியனைப் பிரிக்க மாட்டார்கள். அது அவர்கள் வேலையும் அல்ல. விரிசல் வெண்கலத்துக்குள் மறைந்திருக்கும். ஆட்டமே இல்லாத தூணிலும் இருக்கலாம். பிரித்தால் மட்டுமே தெரியும் ஒன்றைப் பற்றி, பிரிக்காதே என்று அறிவுரை சொல்வது எப்படிப் பாதுகாப்பாகும்?

திரும்பப் பூட்டும்போது இரண்டு இடத்தில் கையேட்டை எழுத்துக்கு எழுத்து பின்பற்ற வேண்டும். ஒரு பக்கத்து மரை வலஞ்சுழி, மறுபக்கத்தது இடஞ்சுழி. மாற்றிப் போட முடியாது, போட முயலவும் கூடாது. தூணை ட்ரன்னியனுக்குள் கடைசிவரை திருகிவிட்டு, பிறகு இருபுறமும் முழுதாகத் திரும்ப இடம் கிடைக்கும் அளவுக்குச் சற்றே பின்வாங்க வேண்டும். கடைசிவரை இறுக்கியபடியே விட்டால், ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும் முதல் நாளே மரை அடியில் முட்டி, தூண் முறுக்கப்படும். உடைந்த தூண்களில் சிலவற்றை உடைத்தது துருவே அல்ல, அவசரமாகப் பூட்டிய கை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மற்றொன்று ஆர்ம்களின் உள்முனையிலுள்ள ரப்பர் புஷ்கள். இந்த ரப்பர் சுழல்வதில்லை. முறுக்கிக்கொண்டு அசைவைத் தாங்குகிறது. அதனால் அதன் போல்ட்டுகளைக் கார் தரையில், தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கையில் இறுக்கிவிட்டுக் காரை இறக்கினால், ரப்பர் முதல் நிமிடத்திலிருந்தே முறுக்கேறி நிற்கும். சீக்கிரம் கிழியும், காரின் உயரமும் தவறும். லிஃப்டில் தூக்கிய காரில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இறுக்கிவிட்டு இறக்குவது வேலை நெருக்கும் இடங்களில் வழக்கம். நற்பெயர் பெற்ற ஒரு பட்டறையிலிருந்து முன்பக்கம் முழுவதும் புதிதாகத் திரும்பி வந்த காரொன்றை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். புஷ்கள் முறுக்கிக் கிழிந்திருந்தன. புதிய ட்ரன்னியன்கள் இரண்டிலும் கிரீஸ் நிரம்பியிருந்தது. அந்த உரிமையாளர் வீட்டில் கை வைக்காதே என்ற அறிவுரையைக் கேட்டு, நிறையப் பணம் கொடுத்து, அதே பழைய நோயை வாங்கி வந்திருந்தார். அங்கே வேலை செய்தவருக்குத் திறமை குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். என்னைவிட நூறு மடங்கு கார்களைப் பார்த்தவராக இருப்பார். இந்த ஒரு காரின் கையேட்டைப் படிக்க அவருக்கு நேரம் இல்லை. உரிமையாளருக்கு அந்த நேரம் இருக்கிறது. அவருக்கு இருப்பது ஒரே ஒரு கார்.

வீட்டில் முடியாதவையும் உண்டு. சக்கரங்களின் கோணத்தைக் கயிறு கட்டி ஓரளவு பார்க்கலாம். சரியான அளவுக்கு அலைன்மென்ட் எந்திரம்தான் வேண்டும். கீழ் ஆர்ம் சேசிஸோடு சேரும் இடத்திலுள்ள மெல்லிய ஷிம் தகடுகள் எத்தனை, எந்தப் பக்கம் என்று பிரிக்கும்போதே குறித்துக்கொண்டால், அந்த எந்திரக்காரரின் வேலை பாதியாகும். சேசிஸே துருவில் தளர்ந்திருந்தால் அது நல்ல வெல்டரின் வேலை. ஒரு ஸ்பேனரும் பிடித்துப் பழகாதவர், பக்கத்தில் தெரிந்தவர் இல்லாமல் சஸ்பென்ஷனில் தொடங்குவதையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பிரேக்கைப் பிரித்துப் பழகிய கைக்கு, டார்க் ரெஞ்சை மதிக்கத் தெரிந்த கைக்கு, இதில் எட்டாத இடம் எதுவும் இல்லை.

மிச்சம் இருப்பது பால் ஜாயின்ட் கிட். அதைப் பரிந்துரைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். கிட் போடுவதற்கும் அதே சக்கரத்தைத்தான் கழற்ற வேண்டும், துருவேறிய அதே போல்ட்டைத்தான் அறுக்க வேண்டும். வீட்டில் பிரிக்காதே என்று ஒரு வாயால் சொல்லிவிட்டு, பிரித்து வேறொன்றை மாட்டு என்று மறுவாயால் சொல்ல முடியாது. கிட் போட்டபின் ஸ்டீயரிங் எவ்வளவு இலகுவாகிவிட்டது என்று வியப்பவர்கள், அன்றே மாற்றிய புதுப் புஷ்களையும் பேரிங்குகளையும் கணக்கில் சேர்ப்பதில்லை. வறண்ட மரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எண்ணெய் ஊறிய மரையை வைத்திருந்தாலும் அதே வியப்பு வந்திருக்கும். அசலான பாகம் எந்தச் சுமைக்கு, எந்த அளவில் செய்யப்பட்டது என்பதற்கு 3 லட்சம் ஸ்பிட்ஃபயர்களும் அவற்றோடு ஹெரால்டுகளும் எலான்களும் ஓடிய சாலைகள் பதில் சொல்லும். கிட் செய்பவர்களில் நேர்மையானவர்கள் இருக்கலாம். ஆனால் அவர்கள் பொருளுக்கு அந்த அளவு சாலை இன்னும் கிடைக்கவில்லை.

பிரிட்டனில் 2018 மே 20 முதல், 40 வயதைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் தகுதிச் சோதனை கட்டாயம் இல்லை. கடைசி ஸ்பிட்ஃபயருக்கு 2020-இல் 40 வயது ஆயிற்று. எனவே அந்தக் கார்களுக்கு அடியில் போய் நெம்பிப் பார்க்கும் கம்பிகூட இன்று கட்டாயமில்லை. சாலைக்குத் தகுந்த நிலையில் காரை வைத்திருக்கும் பொறுப்பை மட்டும் சட்டம் உரிமையாளர் தலையில் அப்படியே விட்டிருக்கிறது. இந்த நிலையில் அவரைப் பார்த்து, முன்பக்கத்தைத் தொடாதே என்பவர்கள், அடுத்த 6,000 மைலில் அந்த அடைப்பைக் கழற்றி எண்ணெய் விடப்போவது யார் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.